பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்

 



பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருவுக்குத் தெரு ஒரு விளம்பரத் தட்டியைப் பார்க்கிறோம். அபாகஸ், கராத்தே, சிலம்பம், ஹிந்தி, ஓவியம், கையெழுத்துப் பயிற்சி. உள்ளூரில் கிடைக்காத வகுப்புக்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கும், இரண்டு ஊரிலிருந்தும் புதுச்சேரிக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பிள்ளையை அழைத்துப் போகிற பெற்றோரும் இருக்கிறார்கள். பிள்ளை நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில் செய்கிறார்கள். அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா என்பதைத்தான் இன்று சிந்திக்க இருக்கிறோம்.

ஒரு நாளை எண்ணிப் பாருங்கள்

எட்டு வயதுப் பிள்ளை. காலை ஐந்தரைக்கு எழுப்புகிறோம். ஏழரைக்கு வேன் வருகிறது. மாலை நாலரைக்குத் திரும்பி வருகிறான். ஐந்து மணிக்கு ஒரு வகுப்பு, ஆறரைக்கு இன்னொன்று, பிறகு வீட்டுப்பாடம். படுக்கும்போது மணி பத்தரை. கணக்குப் பார்த்தால் ஏழு மணி நேரத் தூக்கம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். தினமும் இரண்டு மணி நேரத்தை அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

இதில் மக்தப் எங்கே? மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளை, “ஹஜ்ரத், இந்த மாசம் ஹிந்திப் பரீட்சை” என்று நின்றுவிடுகிறான். பரீட்சை முடிந்தும் வருவதில்லை. நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது ஓதல். அடுத்தது தூக்கம். மூன்றாவது, தெருவில் நாலு பிள்ளைகளோடு சும்மா விளையாடுகிற நேரம்.

யாருக்காக இந்த ஓட்டம்?

ஹதீத் அத்தியாயத்தில் (57:20) இவ்வுலக வாழ்வைப் பற்றிச் சொல்லும்போது, செல்வத்தில் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்ப்பதோடு பிள்ளைகளைக் கொண்டு மிஞ்சப் பார்ப்பதையும் அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான். அன்றைக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமையடித்தார்கள். இன்றைக்குப் பிள்ளை வாங்கிய மெடலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கராத்தேயில் பச்சை பெல்ட் வாங்கிவிட்டான் என்பதற்காக நம் பிள்ளையைச் சேர்க்கிறோம் என்றால், அந்த வகுப்பு பிள்ளைக்காகவா, நமக்காகவா? நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நபியவர்கள் பிள்ளைகளை நடத்திய விதம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு மாலைத் தொழுகைக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொழுகையில் ஒரு ஸஜ்தா மிக நீண்டுபோனது. ஏதேனும் நடந்துவிட்டதோ, வஹீ வந்ததோ என்று தோழர்கள் பிறகு கேட்டார்கள். அப்படி எதுவும் இல்லை, பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டான், அவன் ஆசை தீரும்வரை அவனை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை என்று நபியவர்கள் விளக்கினார்கள். (நூல்: நஸாயீ)

பின்னால் ஒரு ஜமாஅத்தே ஸஜ்தாவில் காத்திருக்கிறது. அப்போதும் ஒரு குழந்தையின் விளையாட்டை அவர்கள் அவசரப்படுத்தவில்லை. நாமோ காலையிலிருந்து இரவுவரை பிள்ளையிடம் அதிகம் சொல்கிற வார்த்தை, “சீக்கிரம், சீக்கிரம்!” சீக்கிரம் சாப்பிடு, சீக்கிரம் கிளம்பு. சில வீடுகளில், வகுப்புக்கு நேரமாகிறது, சீக்கிரம் தொழுது முடி!

சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து அவர் நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் நபியவர்கள், முகத்தில் புன்னகை. சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லமாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். (நூல்: முஸ்லிம்)

ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமை

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்கள். வீட்டுக்கு வந்த ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அவரைச் சாப்பிட வைத்தார்கள், தூங்க வைத்தார்கள், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பித் தம்மோடு தொழ வைத்தார்கள். பிறகு, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடு என்று அறிவுரை சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். (நூல்: புகாரி)

வணக்கத்துக்கே இந்த அளவுகோல் என்றால், அபாகஸுக்கு எத்தனை மடங்கு பொருந்தும்!

ஆகவே வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு தாளை எடுங்கள். முதலில் தொழுகை, மக்தப், தூக்கம், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளை, சும்மா விளையாடும் ஒரு மணி நேரம், இவற்றை எழுதுங்கள். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு வகுப்பு நிற்கிறதா என்று பாருங்கள். சிறு பிள்ளைக்கு ஒரு சமயத்தில் ஒன்று போதும். மக்தபையும் இன்னொரு டியூஷனாக்கி, அடுத்த வீட்டுப் பிள்ளை எந்த ஜுஸ்உவில் இருக்கிறான் என்று ஒப்பிட்டுப் பேசாதீர்கள். குர்ஆன் அவனுக்குச் சுமையாகிவிடக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? நீச்சல் கற்பதையும் குடும்பத்தாரோடு விளையாடுவதையும் வீண் விளையாட்டில் சேராதவை என்று நபிமொழி எடுத்துச் சொல்கிறது. (நூல்: நஸாயீயின் அஸ்ஸுனனுல் குப்ரா) நம் மாவட்டத்தில் தென்பெண்ணை, சங்கராபரணி, வீடூர் அணை, மரக்காணம் கடல், ஊருக்கு ஊர் ஏரி. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, திண்டிவனமும் விழுப்புரமும் தண்ணீரில் தத்தளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு, தக்க துணையோடு கற்கும் நீச்சல் நல்ல தேர்வு.

பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் பாருங்கள். அழுதுகொண்டே போகிறான் என்றால் நிறுத்திவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

பிள்ளைகளிடையே நீதமாக நடக்க நபியவர்கள் கட்டளையிட்டது அன்பளிப்பு விஷயத்தில். (நூல்: புகாரி) அந்த நீதம் இங்கேயும் வேண்டும். மகனுக்கு கிரிக்கெட் கோச்சிங், மகளுக்கு அடுப்படி வேலை என்றால், அவளுக்கு உரிய விளையாட்டும் கற்றலும் எங்கே?

கடைசியாக அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்புக்குப் பணம் கட்டுவதோடு உங்கள் பொறுப்பு தீரவில்லை. ஸ்கூட்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறார். நீங்கள் கடையை அரை மணி நேரம் முன்னதாகச் சாத்திவிட்டு வந்து பிள்ளையோடு உட்காருங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் போனில் மார்க்கைக் கேட்பதற்கு முன், இன்று என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காதது அது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களுடைய நேரத்தையும் உடலையும் உன் அமானிதமாகக் கருதி நடக்கும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.