அவருக்காக நாம் கதைப்பது

கரைத்தீவுக்குப் போய் எங்கள் மாமாவைப் பார்க்கிறவர்கள் சுகம் விசாரிப்பது மாமாவிடமல்ல, மாமியிடம். "சாப்பாடு எறங்குதா? ராவையில தூங்குறாரா?" மாமா பக்கத்திலேயே சாய்மனைக் கதிரையில் இருப்பார். கேள்வி அவர் தலைக்கு மேலாகப் போகும். பதிலும் அப்படியே திரும்பும். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் வழங்காமல், பேச்சும் போய் இரண்டு வருடமாக இதுதான் வழமை. நானும் அப்படித்தான் விசாரித்து வந்தேன்.

ஒரு மஃரிபு வேளையில் அவர் சூரத்துல் பாத்திஹாவை முழுமையாக ஓதக் கேட்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைக் காட்டத்தான் தெரியும் அவருக்கு. 'தண்ணி' என்ற சொல் வராது. வீட்டார் அதை அற்புதம் என்றார்கள். வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. 1861இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற வைத்தியர், 'தான்' என்ற ஓர் ஒலியைத் தவிர எதுவும் பேச இயலாத நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் பரிசோதித்து, இடப்பக்க முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். அந்தப் பகுதி கெட்டாலும் சிறுவயது முதல் மனனமான ஓதல், எண்ணிக்கை, பாட்டு, ஏன் வசவு கூடப் பலருக்கு மிஞ்சிவிடுகின்றன. விளக்கம் இருப்பதனால் அற்புதம் குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

பேச்சுப் போனவருக்குப் புத்தியும் போய்விட்டதாக நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் அநியாயம். ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் 1783 ஜூனில் ஓர் இரவு விழித்தபோது தலையில் ஏதோ குழப்பத்தை உணர்ந்தார். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க லத்தீனில் ஒரு பிரார்த்தனையைச் செய்யுளாக இயற்றினார். செய்யுள் சுமார்தான், அது சுமார் என்று தனக்கே தெரிந்ததால் புத்தி பழுதில்லை என்று முடிவுசெய்தார். வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. சுவீடனின் கவிஞர் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990இல் இதே நோய். பேச்சு பெரும்பாலும் திரும்பவில்லை. இடக்கையால் பியானோ வாசித்தார். கவிதை நூல்கள் வந்தன. 2011இல் நோபல் பரிசும் வந்தது.

நமது பிக்ஹு நூல்கள் இதை என்றோ விளங்கிக்கொண்டவை. வாய்பேசாதவரின் தெளிவான சைகை கொடுக்கல் வாங்கலிலும் நிக்காஹிலும் பேச்சாகவே கொள்ளப்படும். ஓத இயலாதவரும் தொழுகையில் தன்னால் முடிந்தளவு நாவையும் உதட்டையும் அசைக்கவேண்டும் என்று ஷாபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஸகரிய்யா நபி மூன்று நாள் சைகையால்தான் பேசினார்கள். மர்யம் அலைஹஸ்ஸலாம் குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். ஆனால் சைகையை மதிக்கச் சொன்ன அதே சமூகத்தில், பேச்சற்ற வாப்பாவின் பெருவிரலை மையில் தோய்த்து உறுதி முடித்தவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

சென்ற வருடம் மருமகன் ஒருவன் மாமாவை நடக்கவைக்கத் தொடங்கினான். காலை நேரத்தில், வைத்தியரிடம் கேட்டுத்தான். உடற்பயிற்சி மூளைக்கு இரத்தவோட்டத்தைக் கூட்டுகிறது. நரம்பு இணைப்புகள் வளர உதவும் ஒரு புரதத்தையும் கூட்டக்கூடும். ஆகவே பேச்சுச் சிகிச்சையோடு நடையும் சேர்ந்தால் சொற்கள் திரும்ப இடமுண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பேச்சிழந்தவர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் சிறியவை, சிலவே. யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தாளத்துக்கு இடக்கையைத் தட்டிக்கொண்டு சொற்களை இராகமாகச் சொல்லவைக்கும் சிகிச்சை ஒன்று 1970களில் அமெரிக்காவில் உருவானது. அதைப் படித்தபோது எனக்குக் கரைவலைதான் ஞாபகத்துக்கு வந்தது. வலை இழுக்கிறவன் அம்பா பாடாமல் இழுப்பதில்லை. மாமாவும் இப்போது நடக்கும்போது அம்பா மெட்டை முனகுகிறார்.

மாமிக்குக் கோபம். "விழுந்து கால முறிச்சா யாருடா பாக்குற?" அந்தப் பயம் பொய்யல்ல. ஓய்வாக வைத்திருப்பதும் அன்புதான். ஆனால் கதிரையில் இருக்கிறவரைப் பற்றி விசாரிக்கிறார்கள். பாதையில் வருகிறவருக்கு ஸலாம் சொல்லியாகவேண்டும். மருந்தைவிட இந்த வித்தியாசம் பெரிதென்று நான் நம்புகிறேன்.

ஒருநாள் மாமா எழும்ப மறுத்தார். மருமகன் தோளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தான். மாமா இடக்கையால் அவன் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒங்கட நன்மைக்குத்தானே மாமா" என்று அவன் கெஞ்சினான். இரண்டு வருடத்தில் அவர் சொன்ன மிகத் தெளிவான வாக்கியம் அந்தத் தட்டல்தான். பேச்சை மீட்பதற்காக அந்தப் பேச்சைக் கேளாமல் விடுவதா? அன்று விட்டுவிட்டோம். மறுநாள் அவரே செருப்பைத் தேடினார். தேடியிருக்காவிட்டால் என்ன செய்திருப்போம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் நானும் கூடப் போனேன். வாடியடியில் வலை பொத்திக்கொண்டிருந்த பழைய கூட்டாளி ஒருவர் தலைநிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், "என்ன காக்கா, காத்து என்ன காத்து?" என்று கேட்டார். மாமா மேற்கே கை நீட்டினார். உதடு அசைந்தது. கச்சான் என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "க... க..." என்றார் மாமா. கேட்டவர் ஊசியை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.