ரோகிணி நீரும் நாய்காவ் நீரும்



பகவான் இல்லம் துறந்ததற்குக் காரணம் முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டதே என்று பலரும் சொல்லி வருகின்றனர். அண்ணல் அம்பேத்கரோ 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் வேறு காரணம் கூறுகின்றார். சாக்கியருக்கும் கோலியருக்கும் நடுவே ஓடியது ரோகிணி நதி. அதன் நீரை முதலில் எடுப்பவர் யார் என்பதில் கலகம் மூண்டது. சாக்கிய சங்கம் போர் என்றது. சித்தார்த்தரோ, நம்மவர் இருவர், அவர்களில் இருவர், அந்நால்வரும் தெரிந்தெடுக்கும் ஒருவர், ஆக ஐவர் கூடி விசாரிக்கட்டும் என்றார். சங்கம் செவிசாய்க்கவில்லை, அவர் வெளியேறினார். நம் தம்மத்தின் தலைவாயிலிலேயே ஒரு நீர்வழக்கு நிற்பதைப் பார்த்தீர்களா? 1927-இல் மகத் ஊரின் சவுதார் குளத்தில் அண்ணல் அள்ளிப் பருகியதும் அவ்வழக்கின் தொடர்ச்சியே யாம்.

இக்காலத்திலோ மழையே தன் வழக்கம் மாறிவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆதலின் பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டி, மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகின்றது. பிறகு நாட்கணக்கில் வானம் வறள்கின்றது. கிணறு வற்றியதும் ஊரார் அதனை மேலும் ஆழப்படுத்துகின்றனர். பஞ்சாலையில் கதிரில் இழை ஓயாமல் அறுமானால் நாம் கதிரையே பழித்துக்கொண்டிரோம். முன்னே கார்டிங்கில் பஞ்சு எவ்வாறு வாரப்பட்டது என்று போய்ப் பார்ப்போம். சார்பில் தோற்றம் என்று பெரியோர் உரைப்பதும் இதுவே. பெயர் கேட்டு அஞ்ச வேண்டா. கிணற்றின் நோய்க்கு வேர், மேலேயுள்ள மொட்டைக் குன்றில் இருக்கின்றது.

புனே ஜில்லா புரந்தர் வட்டத்தில் நாய்காவ் என்றொரு கிராமம் உண்டு. (மும்பையில் நம்மவர் அறிந்த நாய்காவ் வேறு.) மழைமறைவுப் பிரதேசம். 1972-ஆம் ஆண்டு வறட்சியில் அப்பக்கத்து மக்கள் நிவாரண வேலையில் கல்லுடைத்தனர். அதனைக் கண்ட விலாஸ்ராவ் சாளுங்கே என்னும் பொறியாளர், கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சரிவிலே சமமட்ட வரப்புகள் எழுப்பி, கசிவுநீர்க் குட்டை ஒன்று அமைத்து, அதன் கீழே கிணறு வெட்டினார். ஓடிய நீர் நின்றது. நின்ற நீர் ஊறியது. ஊறிய நீர் கிணற்றில் சுரந்தது.

இவ்வளவும் பொறியியலே. நாம் வியப்பது பின்னர் நிகழ்ந்ததையே. குன்றைக் காப்பதென்றால், அங்கே ஆடு மேய்த்தவன் மேய்ச்சலை இழப்பான். வரப்புக்கு மண் சுமந்தவள் கூலியோடு போவாள். சேர்ந்த நீரோ பள்ளத்தில் நிலம் உடையவன் கிணற்றில் ஊறும். நீர்த்திட்டங்கள் பல இவ்வாறே முடிகின்றன. அங்கெல்லாம் நம்மவர் மண் சுமந்தவராகவே நிற்கின்றனர்.

சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து நீரை நிலத்தின் அளவால் பங்கிடவில்லை. தலையை எண்ணிப் பங்கிட்டது. ஆளுக்கு அரை ஏக்கருக்கு வேண்டிய நீர், குடும்பத்துக்கு 2.5 ஏக்கருக்கு மேல் இல்லை. நிலமற்றோருக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்றாலும் நீருரிமை அதனோடு போகாது. கரும்பு பயிரிடலாகாது, ஒரு கரும்புக்காடு குடிக்கும் நீரில் பலருடைய சோளம் விளையுமன்றோ! ஆசையை அடக்குக என்று நாம் ஓயாமல் ஓதுகின்றோம். அவர்கள் அதைப் பயிர் விதியாகவே வகுத்துவிட்டனர்.

பிறந்த ஊரில் ஏரி தூர்வாரும் வேலை வரும்போது, கூலி எவ்வளவு என்பதோடு நில்லாதீர்கள். நீரில் எங்களுக்குப் பங்கு என்ன என்றும் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆகஸ்டு 15-இலும் அக்டோபர் 2-இலும் அச்சபை கூடும். விடுமுறைக்கு ஊர் செல்வோர் அந்நாட்களைக் குறித்துக்கொள்வீராக.