அரிசி டிரம்முக்குள் இருந்த பணம்



இந்தப் பத்து வருஷத்தில் உங்கள் வீட்டில் என்ன மாறிப்போயிற்று என்று யாராவது கேட்டால் செல்போன், இன்டர்நெட், கொரோனா என்று சொல்லிக்கொண்டே போவீர்கள். என்னைக் கேட்டால் எங்கள் வீட்டு அரிசி டிரம்மைச் சொல்லுவேன். சிரிக்காதீர்கள்.

2016 நவம்பர் 8-ம் தேதி இராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்து, 500, 1000 ரூபாய் நோட்டுகள் நடுராத்திரியோடு செல்லாது என்று அறிவித்தார். மறுநாள் பாங்க் இல்லை. பத்தாம் தேதி காலையில் அம்மா அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, ஒரு துணி முடிச்சை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார்கள். 27 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்! அப்பாவின் முகம் மாறிற்று.

"இத்தனை வருஷமா என்கிட்ட மறைச்சா வச்சிருந்தே?"

"உங்ககிட்ட மறைக்கலீங்க. செலவுகிட்ட மறைச்சேன்."

சிறுவாடு என்று நம் தாய்மார் சொல்லும் பணம் அது. அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் கடுகு டப்பாக்களும் தலையணை உறைகளும் வாய் திறந்தன! இரண்டரை லட்சம் வரை கணக்கில் போடும் இல்லத்தரசிகளை வருமான வரிக்காரர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அரசாங்கமே சொல்லிற்று. ஆனால் புருஷன் கேட்கும் கேள்விக்கு யார் விலக்குக் கொடுப்பது?

பிரியமானவர்களே, அன்றைக்கு நான் அப்பா பக்கம்தான் நின்றேன். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பணம் வைப்பது வஞ்சகம் அல்லவா? அனனியாவும் சப்பீராளும் என் ஞாபகத்துக்கு வந்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர்கள் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, இவ்வளவுதான் என்று பொய் சொன்னார்கள். சும்மா இருப்பதும் பொய் சொல்லுவதும் ஒன்றா? அம்மாவும் மாதக் கடைசியில், "என்கிட்ட ஏதுங்க காசு?" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை.

ஆனால் என் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம் எங்கிருந்து வந்தது? அடகுக் கடையிலிருந்து தங்கச்சியின் தோட்டை மீட்டது யார்? ஒவ்வொரு தடவையும் அப்பா, "எப்படியோ சமாளிச்சிட்டோம்" என்பார். அந்த 'எப்படியோ' டிரம்முக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

அம்மாவுக்குக் கணக்கு இல்லாததால் பணம் அப்பாவின் கணக்கில் ஏறிற்று. சித்திரைக்குள் கரைந்தும் போயிற்று. வண்டி ரிப்பேர், மாமாவுக்குக் கைமாற்று, இன்னும் என்னென்னவோ. அப்பா துன்மார்க்கர் அல்ல. கண்ணில் பட்ட பணம் அப்படித்தான்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தபோது என் மனைவியின் கணக்கிலும் ஆயிரம் ரூபாய் விழுந்தது. கணக்குத் திறந்தபோது நான் கொடுத்தது என் செல் நம்பர். ஆகவே பணம் அவளுக்கு, செய்தி எனக்கு! அவள் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி எடுத்தால் என் சட்டைப்பையில் சத்தம் கேட்கும்.

ஒரு நாள் சாப்பிடும்போது, "நேத்து ஐந்நூறு எடுத்தியே, எதுக்கு?" என்றேன். கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் பிள்ளையின் மருந்துக்குக் கேட்டிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். "உங்ககிட்டயும் சொல்லலேன்னு அவங்களுக்கு வாக்குக் கொடுத்தேன்" என்றாள். என் ஒரு கேள்வியில் அந்த வாக்கு உடைந்துபோயிற்று.

அன்றிலிருந்து எனக்குச் சமாதானம் இல்லை. எல்லாம் தெரிந்துவிட்டால் வீட்டில் உண்மை கூடிவிடுமா? மறைக்கவே வழியில்லாத இடத்தில் மறைக்காமல் இருப்பது உத்தமம் ஆகுமா? வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மனைவிக்குத் தெரியாமல் போனிலேயே கடன் வாங்கித் தொலைக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள், அந்தச் செய்தி அவள் போனுக்கும் போனால் நல்லது. ஆனால் அம்மாவின் முடிச்சு அந்த ஜாதி அல்ல.

போன மாதம் பாங்குக்குப் போய், மனைவியின் கணக்கில் அவளுடைய நம்பரையே போடச் சொன்னோம். "ஏன் சார், உங்க நம்பரே இருக்கட்டுமே?" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும், "இனிமே நான் என்ன செலவு பண்றேன்னு உங்களுக்குத் தெரியாதே?" என்றாள்.

"தெரியாதுதான்" என்றேன்.