இரு கடன்களுக்கு நடுவே

2022 பிப்ரவரி 6. கேமரூனின் யாவுண்டே நகரில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டம். தொடக்கத்திலேயே ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்ட செனகலின் சாடியோ மானே, கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் வெற்றிப் பெனால்டியை வலைக்குள் அடித்தார். எகிப்தின் முகமது சாலா தன் முறைக்காகக் காத்திருந்ததோடு சரி. இருவருக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே கிளப், லிவர்பூல்.

செஞ்சோற்றுக்கடன் பெரிதா, பிறந்த மண் பெரிதா? கர்ணனை வாட்டிய இந்தக் கேள்வி, ஐரோப்பிய லீக் உச்சத்தில் இருக்கும் ஜனவரியில் இந்தக் கோப்பை வரும்போதெல்லாம் ஆப்பிரிக்க வீரர்களைத் துரத்துகிறது. போட்டியைக் கோடைக்கு மாற்றலாமே என்பார்கள். 2019இல் எகிப்தில் மாற்றினார்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் ஜூன், ஜூலை கொட்டும் மழைக்காலம்.

கேமரூனின் ஜோயல் மாட்டிப் 2017 கோப்பைக்குப் போக மறுத்தார். நாட்டணியிலிருந்து விலகிவிட்டதாகச் சொல்லியும், ஃபிஃபா தெளிவுபடுத்தும்வரை லிவர்பூல் அவரைக் களமிறக்கத் தயங்கியது. வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட ஒருவருக்கு முழுதாகச் சொந்தமில்லை!

அயாக்ஸில் ஆடிய ஐவரி கோஸ்ட் வீரர் செபாஸ்டியன் ஹாலர் இந்தச் சங்கடத்தை வேறு முனையில் பிடித்தார். யூரோ கோப்பைக்குப் போவாயா என்று எந்த ஐரோப்பியரிடமாவது கேட்பார்களா என்றார். நியாயமான கேள்வி.

மொராக்கோவில் நடக்கவிருந்த ஆப்பிரிக்கக் கோப்பை 2025 கோடையிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அந்தக் கோடையை ஃபிஃபா தன் விரிவாக்கப்பட்ட கிளப் உலகக் கோப்பைக்கு எடுத்துக்கொண்டது. தர்மசங்கடம் வீரனுடையது, அதை உண்டாக்கியது அட்டவணை போடுகிறவர்கள்.