மனதுருகிய பின்பு என்ன?



புனே நகரின் கிழக்கிலுள்ள கராடி ஒரு காலத்தில் நதியோரச் சிற்றூர். இன்று அங்கே கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. தமிழகத்திலிருந்து சென்ற நம் பிள்ளைகள் பலர் அங்கே பணிபுரிகின்றனர். அத்தகைய மாளிகைகளைக் கட்டும் கூலித் தொழிலாளரோ தகரக் கொட்டகைகளில் குடியிருக்கின்றனர். அவர்களுடைய குழந்தைகள் மணற்குவியலருகே பகலெல்லாம் திரிவதைக் காணும்போது நம் உள்ளம் கலங்குகிறது. ஆனால் மாலைக்குள் அக்கலக்கம் தணிந்துவிடுகிறதே! பரிதாபப்பட்டதையே கடமையாக எண்ணி நம் மனச்சாட்சி உறங்கிவிடுகிறதோ?

நல்ல சமாரியனின் உவமையில் (லூக்கா 10) ஆசாரியனும் லேவியனும் காயப்பட்டவனைக் காணாமல் போகவில்லை. கண்டும் விலகிப் போனார்கள். சமாரியனோ கண்டான், மனதுருகினான், கிட்டச் சென்றான். அவனுடைய எண்ணெய், வாகனம், பணம், நேரம் யாவும் செலவாயின. திரும்பி வருவேன் என்றும் பொறுப்பேற்றான். மனதுருக்கம் உண்மையானதா என்பதை அதற்காக நாம் கொடுக்கும் விலையே காட்டும்.

கராடிக்குத் தொலைவில் இல்லாத கேட்காவ் இதற்குச் சாட்சி. 1858-ல் பிறந்த பண்டித ராமாபாய் தம் இளமையில் பஞ்சத்தின் கொடுமையில் பெற்றோரை இழந்தவர். 1880-களில் இங்கிலாந்து சென்றபோது, சமுதாயம் தள்ளிவிட்ட பெண்களைக் கிறிஸ்தவச் சகோதரிகள் அன்போடு பராமரிப்பதைக் கண்டு வியந்து, காரணம் கேட்டார். சமாரியப் பெண்ணை ஆண்டவர் சந்தித்த வரலாறு (யோவான் 4) அவருக்கு விடையாகக் கிடைத்தது. 1883-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1889-ல் இளம் விதவைகளுக்காக சாரதா சதனைத் தொடங்கினார்.

1896-97-ல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. அமெரிக்க நண்பர்கள் 10 ஆண்டுகளுக்கு வாக்களித்திருந்த உதவி முடிவடையும் தறுவாய் அது. எனினும் அவர் புறப்பட்டுப்போய், ஏறத்தாழ 300 பெண்களை அழைத்துவந்தார். அவர்களுக்காகக் கேட்காவில் முக்தி மிஷன் உருவாயிற்று. அங்கே உணவோடு கல்வியும், அச்சு வேலை, நெசவு போன்ற தொழில்களும் கற்பிக்கப்பட்டன. பசித்தவரைப் பிச்சைக்காரராகவே வைத்திராமல் தலைநிமிரச் செய்ததே அந்த இரக்கத்தின் மேன்மை. 1922-ல் அவர் மறைந்த பின்பும் அவ்வூழியம் தொடர்ந்தது.

“எல்லாரையும் காப்பாற்ற நம்மால் ஆகுமா?” என்று கேட்கலாம். ராமாபாயாலும் ஆகவில்லை, பஞ்சத்தில் மாண்டோர் எண்ணற்றோர். பெதஸ்தா குளத்தருகே வியாதியஸ்தர் அநேகர் இருந்தும், சுகமடைந்த ஒருவனைக் குறித்தே வேதம் கூறுகிறது (யோவான் 5). எல்லாருக்கும் செய்ய இயலாமை, ஒருவருக்கும் செய்யாதிருக்கச் சாக்காகாது. தேவன் நம்மிடம் கேட்பது உலகத்தின் பாரமல்ல, நம் வாசலில் அவர் வைத்த ஒருவரையே.

ஆகவே, அக்கொட்டகைக் குழந்தை ஒன்றின் பெயரையாவது அறிந்துகொள்வோம். பெற்றோரின் சம்மதத்தோடு பள்ளியில் சேர்க்கத் துணைநிற்போம். காய்ச்சலென்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அடுத்த மாதமும் போவோம். உதவியைத் தூண்டிலாக்க வேண்டாம். ஆயினும் ஒருநாள் அவர்கள், “ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால், ராமாபாய்க்குக் கிடைத்த அதே விடையை, இயேசுவையே, தாழ்மையோடு சொல்லுவோம்.

திரளான ஜனங்களைக் கண்டு மனதுருகிய ஆண்டவர், நம் கண்ணீரோடு நம் கைகளையும் ஏற்றுக்கொள்வாராக. ஆமென்.