மேடைச் சொல்லும் வீட்டு வாழ்வும்

ஒருவன் தான் செய்யாத ஒன்றைப் பிறருக்கு எடுத்துச் சொல்லலாமா? சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்புண்டா? மிம்பரில் நிற்பவரும் கவியரங்க மேடையில் நிற்பவரும் விடை கூறியாக வேண்டிய வினா இது. பல ஆண்டுகளாக இதனை மாணவர்க்குப் பாடமாக நடத்தி வந்திருக்கிறோம். எனினும் இவ்வினா நம்மை நோக்கியே திரும்பியது சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், புதுவையில் ஒரு சிறிய மண்டபத்தில்தான்.

இந்நகரில் நாம் குடியேறி முப்பதாண்டுகள் கடந்துவிட்டன. முல்லா வீதியும், பள்ளிவாசலும், மதரஸாவும், கடைத்தெருவுமே நாம் அறிந்த புதுவை. பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தருமராசா கோயில் வீதி வீடும், பாரதிதாசனார் வாழ்ந்த பெருமாள் கோயில் வீதி 95ஆம் எண் வீடும் நினைவில்லங்களாக நிற்கின்றன. இரண்டும் நடந்து செல்லும் தொலைவுதான். ஒரு முறையேனும் படியேறிப் பார்த்தோமில்லை. கவிதை நமக்கு அயலானதன்று. முஅல்லகாத்தும், முதனப்பியின் திவானும் ஓதியவர்கள்தாம் நாம். ஆனால் அவற்றை இலக்கணத்திற்குச் சான்று தேடும் ஏடுகளாகவே ஓதினோம். ஒரு மனிதன் எழுந்து நின்று, மக்கள் முன்னிலையில், தன் நெஞ்சைத் திறந்து சொன்ன சொற்கள் அவை என்பதை நினைத்துப் பார்த்ததில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது துணிக்கடையில் பணிபுரிபவர், ஒரு நாள் அஸருக்குப் பின் வந்து நின்றார். “ஹஜ்ரத், ஞாயிற்றுக்கிழமை கவியரங்கத்தில் வாசிக்கிறேன். நீங்கள் வந்து கேட்க வேண்டும்” என்றார். “நமக்கு அங்கே என்ன வேலை, தம்பி?” என்றோம். “கேட்பதும் ஒரு வேலைதானே, ஹஜ்ரத்” என்றார். மறுக்க இயலவில்லை.

மண்டபத்தில் எழுபது, எண்பது பேர் இருந்தனர். முத்தியாலுப்பேட்டையிலிருந்து வந்த நெசவாளர் ஒருவர், வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவர், மருத்துவமனைச் செவிலி ஒருவர், கல்லூரி மாணவி ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், நம் மாணவர் என அறுவர் பாட வந்திருந்தனர். பொதுத் தலைப்பு ‘வீடு’. கதவு, சன்னல், அடுப்படி, முற்றம், கூரை, வாசல் என ஆளுக்கொரு கிளைத் தலைப்பு. தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் கவிதையிலேயே அழைக்கின்றார். வந்தவர் அவையடக்கம் கூறித் தொடங்குகின்றார். நல்ல அடி வரும்போது அதனை இருமுறை சொல்கின்றார். கருத்து முடியுமுன் சற்றே நிறுத்துகின்றார். ஏட்டைப் படிப்பவன் திருப்பிப் பார்த்துக் கொள்ளலாம். செவிக்கு அவ்வசதி இல்லை. ஆகவே எதுகையும் மோனையும் அங்கே அணிகலன்களல்ல. நினைவில் நிறுத்தும் ஆணிகள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் “மீண்டும்!” என்று குரல் கொடுத்தார். உர்து முஷாயிராவில் “முகர்ரர்” என்று கேட்பதும் இதனையே. அப்போது நமக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் வாகனத்தில் செல்கையில், பின்னால் அமர்ந்திருந்த ஷரீது (ரலி) அவர்களிடம், உமையா இப்னு அபிஸ்ஸல்த்தின் கவிதை ஏதும் தெரியுமா எனக் கேட்டார்கள். அவர் ஒரு கண்ணி சொன்னார். மேலும் சொல்லுமாறு பணித்தார்கள். இப்படியே நூறு கண்ணிகள் கேட்டார்கள் என்று ‘முஸ்லிம்’ கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. உமையா இஸ்லாத்தை ஏற்காமலே மறைந்தவர் என்பதை ஈண்டு கருதுக. சொன்னவன் யார் என்பதற்காகச் செவியை மூடிக்கொள்ளவில்லை நம் தலைவர் (ஸல்) அவர்கள். முப்பதாண்டுகள் செவியை மூடிக்கொண்டிருந்தவர் நாமே!

சொல்லுக்கு விலை இருந்த காலம்

இந்நகரின் கவிதை வரலாறே வாய்ச்சொல்லால் வளர்ந்த வரலாறு. 1908இல் பாரதியார் இங்கு வந்தது கடற்காற்று வாங்குவதற்கன்று. ‘இந்தியா’ பத்திரிகையின் எழுத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு கைது செய்யும் என்ற நிலையில், பிரெஞ்சு எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தார். அப்பத்திரிகையைப் புதுவையிலிருந்து நடத்தினார். 1910இல் அதுவும் நின்றுபோயிற்று. வேவுகாரர்கள் சூழ, வறுமை வாட்ட, பத்தாண்டுகள் கழிந்தன. சொன்ன சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது.

கனக சுப்புரத்தினம் என்னும் இளம் ஆசிரியர் அவரை அறிந்த கதையும் செவிவழிக் கதையே. வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில் அவர் பாரதியின் பாடல்களைப் பாடினார். பாடியவருக்குப் பாரதியார் அவையில் இருப்பது தெரியாது. பின்னர் நண்பர்கள் முன்னிலையில் ஒரு பாட்டுக் கட்டுமாறு பாரதியார் கேட்க, சுப்புரத்தினம் கட்டினார். பாரதியார் அதனைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார். அந்த இளைஞரே பின்னாளில் பாரதிதாசன் ஆனார். 1909 முதல் 1946 வரை பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே பாடியவர். அவருடைய இறைமறுப்பு நமக்கு உடன்பாடன்று. ஆயினும் குலத்தில் தாழ்ந்தவன் என்று ஒருவனைத் தள்ளுவதையும், கைம்பெண்ணை மூலையில் இருத்துவதையும் கண்டித்துப் பாடியதில் நாம் மறுக்க என்ன இருக்கிறது?

நம் மரபும் மேடை அறியாததன்று. 1572இல் ‘ஆயிர மசலா’ மதுரையில் புலவர்கள் முன்னிலையில் அரங்கேறியது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது. அரங்கேற்றம் என்றாலே, பிறர் கேட்கச் சொல்லி அவர்தம் வினாவுக்கு விடையளிப்பதுதான். மௌலிது மஜ்லிஸ்களில் நாம் கூடி ஓதும் பைத்துகள் வேறென்ன? நம் காலத்தில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிப் பேராசிரியர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937-2017) கவியரங்கத்திற்குத் தனிப் பெருமை தேடித் தந்ததை யாவரும் அறிவர்.

மறையின் எச்சரிக்கை

ஆயினும் திருமறையின் எச்சரிக்கையை மறந்துவிட முடியாது. ‘கவிஞர்கள்’ என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் இறுதியில் கவிஞர்மீது மூன்று குறைகள் சாட்டப்படுகின்றன: வழிதவறியோர் அவர்களைப் பின்தொடர்கின்றனர், அவர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் திரிகின்றனர், செய்யாததைச் சொல்கின்றனர். உடனேயே விதிவிலக்கும் வருகின்றது: நம்பிக்கை கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை மிகுதியும் நினைந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தற்காத்துக் கொண்டவர்கள் நீங்கலாக என்று. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்பதிலிருந்து, கவிதை வெறுக்கப்பட்டதன்று என்பது விளங்கும். வெறுக்கப்பட்டது செயலற்ற சொல்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். குறையற்றவனே பேச வேண்டும் என்றால் மிம்பர்கள் யாவும் வெறிச்சோடிப் போகுமே! முன்னோரான ஸயீது இப்னு ஜுபைர் (ரஹ்) இதற்கு விடை சொல்லியிருக்கின்றார்கள்: தன்னிடம் பிழையே இல்லாதவன்தான் நன்மையை ஏவலாம் என்றால், ஏவுவதற்கு எவருமே மிஞ்சமாட்டார்கள் என்பது அதன் கருத்து. நாம் இவ்விடையையே பாடத்தில் சொல்லி வந்தோம்; சொல்லி அமைதியும் கொண்டோம். அந்த அமைதியைத்தான் அன்றைய மாலை கலைத்தது.

‘வாசல்’

ஐவர் பாடி முடித்தனர். கைதட்டலுக்குக் குறைவில்லை. இறுதியாக நம் மாணவர் வந்தார். அவர் தலைப்பு ‘வாசல்’. கைக்கூலியைக் கண்டிக்கும் கவிதை அது என்பது தொடக்கத்திலேயே புலப்பட்டது. அதனைப் பலர் பாடக் கேட்டிருக்கிறோமே என்று சாய்ந்து அமர்ந்தோம்.

அவரோ சமுதாயத்தைச் சாடவில்லை. தம் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கின்றது என்றார். அது திருமணத்தின்போது மாமனார் வாங்கித் தந்தது. விழுப்புரத்துப் பக்கம் சிற்றூரில் பால் கறந்து விற்றுப் பிழைக்கும் அவர், அதற்காக விற்ற இரண்டு பசுக்களின் பெயர்களைச் சொன்னார். நாள்தோறும் காலையில் வண்டியை உதைத்துக் கிளப்பும்போது அப்பெயர்கள் தமக்குக் கேட்கின்றன என்றார். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு தொகையை மாமனாருக்கு அனுப்பி வருவதாகவும், கொடுத்தது எத்தனை தவணை, எஞ்சியது எத்தனை தவணை என்றும் எண்ணிச் சொல்லி முடித்தார்.

எவரும் கைதட்டவில்லை. “மீண்டும்” என்று எவரும் கேட்கவில்லை. எம் பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டிருந்தார்.

நமக்கு நம் வீட்டு முன்னறை நினைவில் வந்தது. எட்டாண்டுகளுக்கு முன் நம் மூத்த மகனின் நிக்காஹ் நடந்தது. அதற்கு முந்திய ஜும்ஆவில், மணமகன் மஹர் கொடுத்து மணக்க வேண்டியிருக்க, பெண்ணைப் பெற்றவனிடம் கைநீட்டுவது எவ்வளவு இழிவு என்று நாமே பயான் செய்தோம். “ஹஜ்ரத் உருக்கிவிட்டீர்கள்” என்று பலர் முஸாபஹா செய்தனர். அடுத்த வாரம் பெண் வீட்டார் ஒரு லட்ச ரூபாய் ரொக்கத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தபோது, “அவர்களாக விரும்பிச் செய்கிறார்கள்” என்று நம் உறவினர் கூறினர். நாம் வாய் திறக்கவில்லை. அப்பணத்தில் எழுந்ததே முன்னறை. அதில் அமர்ந்துதான் மாணவர்க்கு ஹதீஸ் பாடம் சொல்கிறோம். சம்பந்தி அக்கடனை அடைக்க வளைகுடாவில் மேலும் இரண்டாண்டுகள் உழைத்தார் என்பது பின்னர்த் தெரிந்தது. அறிந்தும் இருந்துவிட்டோம்.

கூட்டம் கலைந்தபின் மாணவர் அருகில் வந்து, “கவிதையில் பிழை ஏதும் உண்டா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். “பிழை கவிதையில் இல்லை, தம்பி” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அன்றிரவு உறக்கமின்றிச் சிந்தித்தபோது ஒன்று விளங்கியது. நமது பயானுக்கும் அவரது கவிதைக்கும் பொருளில் வேறுபாடில்லை, இடத்தில்தான் வேறுபாடு. நாம் முன்னிலையில் நின்று ‘நீங்கள்’ என்று பேசினோம். அவர் தன்மையில் நின்று ‘நான்’ என்று பேசினார். ஸயீது இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களின் விடை, தன் குறையை அறிந்து நாணுபவனுக்கு அளித்த சலுகை. நாமோ அதனை நாணம் நீக்கும் மருந்தாக்கிக் கொண்டோம். குறையுடையவன் பேசலாம், ஆனால் அக்குறை பேச்சுக்கு வெளியே நிற்கக் கூடாது. தன்னையும் கேட்போருள் ஒருவனாக வைத்துப் பேசுபவன், செய்யாததைச் சொல்பவன் ஆகமாட்டான். செய்யத் தொடங்குபவன் ஆவான். தமிழ் இலக்கணத்தில் ‘நாம்’ என்பதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். பேசுவோனையும் கேட்போனையும் ஒருங்கே உள்ளடக்குவது. கட்டுரைகளில் ‘நாம்’ என்று எழுதுவது ஒரு வழக்கம். அச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளவும் கூடும் என்பதனால் இங்கே வெளிப்படையாகச் சொல்கிறோம்: அந்தப் பணத்தைப் பெற்றது இக்கட்டுரையை எழுதும் கை.

கேட்போருக்கும் இதில் பங்குண்டு. வழிதவறியோர் கவிஞர்களைப் பின்தொடர்கின்றனர் என்று மறை கூறுவது கேட்போரையும் குறித்தே. “உருக்கிவிட்டீர்கள்” என்று கைகுலுக்கியோருள் ஒருவராவது மறுவாரம் தாம்பாளத்தைக் கண்டு நம்மைத் தடுத்திருக்கலாகாதா? உருகுவது எளிது. உருகிய மெழுகு மீண்டும் பழைய வடிவிலேயே இறுகிவிடுகின்றது. அன்று மண்டபத்தில் கைதட்டல் எழாததன் பொருள் இதுவே: ஒவ்வொருவரும் தத்தம் வாசலை எண்ணிக் கொண்டிருந்தனர்.

மறுநாள் மனைவியிடம் செய்தியைச் சொன்னோம். “அன்றைக்கே நான் சொன்னேனே, சபையில் பேசாதே என்றல்லவா அடக்கினீர்கள்” என்றார். கன்ஸா (ரலி) அவர்களின் கவிதையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிக் கேட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். நாமோ நம் வீட்டு அடுப்படியிலிருந்து வந்த ஒரு சரியான வாக்கியத்தைக் கேட்கத் தவறினோம்.

சம்பந்தி முதலில் வாங்க மறுத்தார். “பழசை ஏன் கிளறுகிறீர்கள்?” என்றார். “உங்களுக்காக அன்று, எமக்காக வாங்கிக் கொள்ளுங்கள்” என்று கூறியபின் இசைந்தார். மதரஸா ஆசிரியரின் வருவாயில் பெருந்தொகை ஒதுக்க இயலாது. இதுவரை ஐந்து தவணை கொடுத்திருக்கிறோம். முழுதும் தீர ஆண்டுகள் பல ஆகும். இளைய மகனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு நடைபெறுகின்றது. மஹர் தவிர வேறு பேச்சு இல்லை என்று முதலிலேயே சொல்லி அனுப்பிவிட்டோம்.

இதனைப் பெருமைக்காக எழுதவில்லை. எட்டாண்டுகள் தாழ்ந்து செய்யும் காரியத்தில் பெருமை ஏது? பலர் அறியச் சொல்லிவிட்டால், இடையில் நிறுத்த மனம் துணியாது என்பதற்காகவே எழுதுகிறோம். சொல் செயலுக்கு முந்தி வருவதில் குற்றமில்லை. அது சொன்னவனைப் பிடித்து இழுத்துச் செல்ல வேண்டும். இத்தவணைகள் தீருமட்டும் முன்னறையில் பாடம் நடத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மாணவர்கள் வாசல் திண்ணையில் அமர்ந்து ஓதுகின்றனர். காரணம் கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொல்லிவிட்டோம். வல்ல இறைவன் தவணை முடியும்வரை ஆயுளையும் உறுதியையும் தந்தருள்வானாக.