கிருஷ்ணா ராமா என்றிருக்கும் வயது

எழுபது வயதில் ஒருவர் ஆர்மோனியம் கற்க ஆசைப்பட்டால், பல தமிழ் வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குப்பா? கிருஷ்ணா ராமான்னு இருக்க வேண்டியதுதானே!" மகனோ மகளோ அதைக் கோபத்தில் சொல்வதில்லை, பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அதனால்தான் பெரியவருக்கு எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை. சாய்வு நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறார்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. காசித் தெருவில் சீடர்களோடு போய்க்கொண்டிருந்த ஆதிசங்கரர், தள்ளாத கிழவர் ஒருவர் பாணினி இலக்கணத்தை உருப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். மனம் இரங்கி, சாகும் நேரத்தில் இலக்கணம் துணைக்கு வராது என்று அவருக்குச் சொன்ன அறிவுரையே பஜ கோவிந்தம் என்கிறது மரபு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் அது தமிழ்நாட்டு வீடுகளில் ஒலிக்காத விடியல் குறைவு.

அப்படியானால் கேள்வி இதுதான். முதுமை, சேர்த்ததை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் காலமா? புதிதாக ஒன்றைக் கையில் எடுப்பது அந்த வயதுக்குரிய பக்திக்கு விரோதமா?

சங்கரரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதே பாடலில் பின்னால் வரும் ஒரு செய்யுளை மறந்துவிடுகிறார்கள். பகவத்கீதையைக் கொஞ்சமாவது படித்தவருக்கு யமபயம் இல்லை என்பது அதன் கருத்து. படிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எதற்காகப் படிக்கிறாய் என்றுதான் கேட்டார். இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கீதையைக் கொஞ்சம் படிக்கவும் எழுத்து தெரிய வேண்டுமே! எழுத்தறியாமலே எழுபதைத் தொட்ட ஒரு பெண், கடவுளின் பெயரால் "இனி உனக்குப் படிப்பு எதற்கு?" என்று தடுக்கப்பட்டால், அந்தத் தடை கடவுளிடம் போகும் வழியையே அடைக்கிறது.

மகாராஷ்டிரத்தில், தாணே மாவட்டத்து ஃபாங்கணே கிராமத்தில் நடந்தது இதற்கு நேர்ச்சான்று. 2016இல் சிவாஜி ஜயந்தியை ஒட்டி ஊரில் பாராயணம் நடந்தது. தங்களுக்கும் புனித நூலை எடுத்து வாசிக்கத் தெரிந்திருக்கக் கூடாதா என்று பாட்டிமார் ஏங்கினார்கள். ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர் யோகேந்திர பாங்கர் அந்த ஏக்கத்தைக் காதில் வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டு மார்ச் 8 அன்று "ஆஜிபாயிஞ்சி சாளா", அதாவது பாட்டிமார் பள்ளிக்கூடம், பிறந்தது. மாணவிகளுக்கு வயது 60 முதல் 90 வரை. சீருடை ரோஜா நிறச் சேலை. வீட்டுவேலை முடிந்த பிற்பகலில் இரண்டு மணி நேரம் வகுப்பு. சிலேட்டும் பல்பமுமாகப் பை தோளில் தொங்கும். பாடம் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர் மருமகள். அவருடைய மாணவிகளில் சொந்த மாமியாரும் ஒருவர். மருமகள் கரும்பலகையின் முன் நிற்க, மாமியார் தரையில் உட்கார்ந்து உயிரெழுத்தைச் சொல்லிப் பார்த்தார். இறக்கி வைப்பதைப் பற்றிப் பேசும் சாத்திரங்கள் முதலில் இறக்கி வைக்கச் சொல்வது "நான்" என்பதைத்தான். அந்த வகுப்பறையில் அது அன்றாடம் நடந்தது.

கென்யாவின் கிமானி மருகே இன்னும் ஒரு படி மேலே போனார். ஆங்கிலேயருக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியில் இருந்தவர். 2003இல் தொடக்கக் கல்வியை அரசு இலவசமாக்கியது. மறு ஆண்டு, எல்டொரெட் நகரப் பள்ளி ஒன்றில் அரைக்கால் சட்டையோடும் நீளக் காலுறையோடும் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார், வயது 84. அவருடைய பேரப்பிள்ளைகளே அதே பள்ளியில் மேல்வகுப்புகளில் இருந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: பைபிளைத் தானே படிக்க வேண்டும். பிரசங்கி அதில் இருப்பதைச் சரியாகத்தான் சொல்கிறாரா என்ற சந்தேகம் அவருக்கு.

இந்தச் சந்தேகத்தைப் பக்திக் குறைவு என்று கொள்வது தவறு. இறைவன் தன்னோடு பேசியதை இன்னொருவர் வாய்வழியாகவே கேட்டுக்கொண்டு போய்ச் சேர்வதா என்ற தவிப்பு அது. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், யூத மறைநூலான தோராவை எத்தனை நாள் வரை கற்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்விக்குச் சாகும் நாள் வரை என்று விடை எழுதினார். முதியவருக்கு அவர் விலக்குத் தரவில்லை. விலக்குத் தராததுதான் அங்கே மரியாதை.

கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா கோயில்களைப் பெருக்கி, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். 2018இல், 96 வயதில், மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வில் 100க்கு 98 வாங்கினார். மகள் முதிய வயதில் தேர்வெழுதித் தேறியதைப் பார்த்து வந்த ஆசை அது. அடுத்துக் கணினி கற்க வேண்டும் என்றார். 2023இல் 101 வயதில் மறைந்தார்.

ஆனால் ஆசை மட்டும் போதாது. உட்கார இடம் கொடுப்பவரும் வேண்டும். பௌத்த நூல்கள் ராதர் என்ற ஏழை முதியவரின் கதையைச் சொல்கின்றன. விகாரையில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தவர், துறவு கேட்டார். வயதான இவரைச் சேர்த்துக்கொள்ள எந்தத் துறவியும் முன்வரவில்லை. ஏக்கத்தில் உடல் மெலிந்து போனார். இவர் செய்த உதவி யாருக்காவது நினைவிருக்கிறதா என்று புத்தர் கேட்டார். ஒரு நாள் பிச்சைக்குப் போனபோது இவர் ஒரு கரண்டிச் சோறு இட்டார் என்று சாரிபுத்தர் எழுந்து சொன்னார், அவரே குருவானார். திருத்தினால் முகம் சுளிக்காத சீடர் என்று ராதர் பெயரெடுத்தார்.

நம் வீடுகளில் அந்த ஒரு கரண்டிச் சோற்றை யார் நினைக்கிறார்கள்? கைபேசியில் படம் அனுப்புவது எப்படி என்று தாத்தா கேட்டால், "குடுங்க, நானே பண்றேன்" என்று வாங்கிக்கொள்கிறோம். வேலை நொடியில் முடிகிறது. அவர் கற்கவிருந்தது கைநழுவிப் போகிறது. நமக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தபோது அவர் இத்தனை அவசரப்பட்டிருக்க மாட்டார்.

முதுமையில் புதிதாகக் கற்பது வீண் இல்லை என்பதை அறிவியலும் வேறு மொழியில் சொல்கிறது. டெக்சாஸில் ஆய்வாளர் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையிலானவர்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரமாக மூன்று மாதம் டிஜிட்டல் புகைப்படமும் ஒட்டுத்துணித் தையலும் புதிதாகக் கற்றவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பேசிப் பொழுதைக் கழித்தவர்களுக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை. முதியோர் மன்றங்களில் தொலைக்காட்சியும் தேநீரும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எம்.எஸ். பாடிய பஜ கோவிந்தம் இசைத்தட்டில் முன்னுரை பேசியவர் ராஜாஜி. எல்லாவற்றையும் விடச் சொல்லும் பாடலை அறிமுகம் செய்த அந்த மனிதர் 80 வயதில் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். 83 வயதில் அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராகப் பேச அமெரிக்கா போய்க் கென்னடியைச் சந்தித்தார். கோவிந்தனை நினைப்பதற்கும் புதிய வேலையில் இறங்குவதற்கும் அவர் பகை காணவில்லை.

மருகேவும் அப்படித்தான். 2007 தேர்தலைத் தொடர்ந்த கலவரத்தில் உடைமைகளை இழந்து அகதிக் கூடாரத்தில் இருந்தபோதும் பள்ளிக்கு நடந்து போனார். பிறகு நைரோபியில் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்தும் பள்ளிக்குப் போனார். 2009இல் ஞானஸ்நானம் பெற்று ஸ்டீபன் என்று பெயர் ஏற்றார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் கண்ணை மூடினார்.